ஐடஹோவில் ஒரு வீட்டுமனை: அத்துமீறியது அரசா, நீதிமன்றமா?

டெக்சாஸ் துரை:
"அரசின் அத்துமீறல் என்று வலதுசாரிகள் கத்துவதெல்லாம் பணக்காரர்களின் வரியைக் குறைக்கத்தான்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வரியை விடுங்கள். ஒரு கணவன் மனைவி கதை சொல்கிறேன்.

ஐடஹோ மாநிலத்தில் பிரீஸ்ட் ஏரி. அதன் பக்கத்தில் மைக்கேல், சாண்டெல் சாக்கெட் தம்பதி 2004-ல் ஒரு மனை வாங்கினார்கள். முக்கால் ஏக்கர்கூடத் தேறாது. 2007-ல் வீடு கட்டுவதற்காக மண்ணும் கல்லும் கொட்டி மேடாக்கினார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ-விடமிருந்து ஆணை வந்தது. இது சதுப்பு நிலம், கொட்டியதை அள்ளிவிட்டுப் பழையபடி ஆக்குங்கள், இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 40,000 டாலருக்கு மேல்கூட அபராதம் விழலாம்!

ஈபிஏ சொன்ன கணக்கைக் கேளுங்கள். மனைக்கு எதிரே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால். வாய்க்கால் ஒரு ஓடையில் விழுகிறது, ஓடை ஏரியில் விழுகிறது, ஏரியில் படகு போகும். ஆகவே சாக்கெட் வீட்டு மண், தூய நீர்ச் சட்டம் சொல்லும் 'அமெரிக்காவின் நீர்நிலை'. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் இதைவிட நன்றாக முடிச்சுப் போட முடியாது.

கயல்:
துரை சார், பாதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சாக்கெட் தம்பதி மண் வேலைக் கான்ட்ராக்ட் தொழிலில் இருந்தவர்கள். சதுப்பு நிலத்தில் மண் கொட்டினால் அனுமதி வேண்டும் என்பதே தெரியாத அப்பாவிகள் இல்லை.

1969-ல் ஒஹாயோவில் கயஹோகா ஆறு தீப்பிடித்தது. ஆறு! மேலே மிதந்த எண்ணெயும் குப்பையும் எரிந்தன. அப்படிப்பட்ட காலத்தில் பிறந்ததுதான் 1972-ன் தூய நீர்ச் சட்டம். சதுப்பு நிலம் வெள்ளத்தை உறிஞ்சி வைக்கும், அழுக்கை வடிகட்டித்தான் ஆற்றுக்கு அனுப்பும். ஒருவர் முக்கால் ஏக்கரை மூடினால் ஒன்றும் ஆகாதுதான். ஏரியைச் சுற்றி ஆயிரம் பேர் மூடினால்?

டெக்சாஸ் துரை:
அனுமதி வாங்குவது என்ன கடைக்குப் போய் உப்பு வாங்குவதா? 2006-ல் ரபானோஸ் என்பவரின் சதுப்பு நில வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா எடுத்துக்காட்டிய கணக்கு இது: தனி அனுமதி கேட்பவருக்குச் சராசரியாக 788 நாள், 2,71,596 டாலர். அந்தக் காசில் இன்னொரு வீடு கட்டலாம்.

வாசு:
இரண்டு பேரும் இரண்டு வழக்கை ஒன்றாகக் குழப்புகிறீர்கள். சாக்கெட் தம்பதி உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு முறை போனார்கள்.

முதல் முறை, 2012. அப்போது அது சதுப்பா இல்லையா என்பது கேள்வியே இல்லை. "இந்த ஆணை தவறு என்று சொல்ல எனக்குக் கோர்ட் வாசல் திறக்குமா?" என்பதுதான் கேள்வி. அரசு என்ன சொன்னது தெரியுமா? நாங்கள் உங்கள்மீது வழக்குப் போடும்வரை நீங்கள் வரக்கூடாது. அதுவரை அபராத மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆணையை மீறியதற்கும் சேர்த்தால் நாளுக்கு 75,000 டாலர் வரை போகும் என்று அரசே கணக்குச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அரசைத் தோற்கடித்தார்கள். ஒபாமா நியமித்தவர்கள் உட்பட. இங்கே நான் முழுக்கத் துரை பக்கம். சட்டத்தின் ஆட்சி என்றால் இதுதான்.

இரண்டாவது முறை, 2023. அந்த மனை சட்டத்துக்குள் வராது என்பதில் அப்போதும் ஒன்பது பேரும் ஒன்றுதான். ஆனால் எந்தச் சதுப்பு சட்டத்துக்குள் வரும் என்ற அளவுகோலில் 5-4 என்று பிரிந்தார்கள். ஆற்றோடு தொடர்ந்து மேல்மட்டத்தில் நீர் கலந்திருந்தால்தான் சட்டம் செல்லும் என்று எழுதினார் நீதிபதி அலிட்டோ. சட்டத்தில் இருக்கும் சொல் 'அடுத்துள்ள'. அவர் அதை 'ஒட்டியுள்ள' ஆக்கிவிட்டார். அடுத்த வீடு என்றால் சுவரோடு சுவர் ஒட்டினால்தானா? நடுவில் ஒரு சந்து இருந்தாலும் அது அடுத்த வீடுதானே? இதைச் சொன்னவர் இடதுசாரி இல்லை, டிரம்ப் நியமித்த நீதிபதி கவனா. மிசிசிப்பி ஆற்றுக்கும் சதுப்புக்கும் நடுவே கரை கட்டியிருந்தால் சதுப்பு கணக்கிலிருந்து போய்விடுமா என்று கேட்டார். 1977 முதல் எட்டு அதிபர்களின் ஆட்சியில் யாரும் அப்படிப் படிக்கவில்லை.

கயல்:
நன்றி வாசு. நீதிமன்றமே சட்டத்தைத் திருத்தி எழுதினால் அதற்குப் பெயர் அத்துமீறல் இல்லையா?

டெக்சாஸ் துரை:
அளவுகோலில் கவனா சொன்னதற்கு வலு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மண் கொட்டுகிறவன் நிலைமையைப் பாருங்கள். எது 'நீர்நிலை' என்பதற்கு 2015-ல் ஒபாமா ஒரு விதி, 2020-ல் டிரம்ப் ஒரு விதி, 2023-ல் பைடன் ஒரு விதி. ஆட்சி மாறும்போதெல்லாம் என் கொல்லையில் சதுப்பு வந்து வந்து போகிறது. தவறாகப் படித்தால் சிறைக்கே போகலாம். இப்படிப்பட்ட சட்டம் பாமரனுக்குப் புரியும்படி இருக்க வேண்டும், மங்கலாக இருந்தால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தெளிவாக்கட்டும். மங்கலான சட்டத்துக்கு அதிகாரி சொல்லும் நியாயமான பொருளை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்ற ஷெவ்ரான் கோட்பாட்டை 2024-ல் உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டது அதனால்தான். அந்த வழக்கைப் போட்டவர்கள் கோடீஸ்வரர்கள் இல்லை, ஹெரிங் மீன் பிடிப்பவர்கள். தங்களைக் கண்காணிக்கப் படகில் ஏறும் ஆளுக்கு நாளுக்கு 710 டாலர் வரை தாங்களே கூலி கொடுக்க வேண்டுமாம்.

கயல்:
ஷெவ்ரானா! 1984-ல் அந்தத் தீர்ப்பு வந்தபோது ஜெயித்தது ரீகன் அரசு. தோற்றது சுற்றுச்சூழல் அமைப்பு. அந்த வழக்குக்குக் காரணமான ஈபிஏ விதி வந்தபோது ஈபிஏ தலைவராக இருந்தவர் ஆன் கோர்சச். நாற்பது வருடம் கழித்து ஷெவ்ரானைத் தூக்கிப் போட்ட ஆறு நீதிபதிகளில் ஒருவர் அவர் மகன் நீல் கோர்சச். ஸ்காலியாவே ஒரு காலத்தில் ஷெவ்ரானைத் தாங்கிப் பிடித்தவர். அதிகாரிகள் உங்கள் ஆட்களாக இருந்தபோது இனித்தது.

இப்போதும் அதே கதைதான். 2025 ஏப்ரலில் கிட்டத்தட்ட உலகம் முழுவதற்கும் இறக்குமதி வரி போட்டார் டிரம்ப். அதற்கு ஆதாரமாகக் காட்டிய 1977 அவசரகாலச் சட்டத்தில் 'வரி' என்ற சொல்லே கிடையாது. வாய்க்காலிலிருந்து ஏரிக்கு முடிச்சுப் போட்டதைச் சிரித்தீர்களே, இது என்ன முடிச்சு? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

டெக்சாஸ் துரை:
அடி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. எங்கள் ஆட்களில் நிறையப் பேர் வாயைத் திறக்கவில்லை, எனக்கே வெட்கம்தான். ஆனால் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்துக்காக அந்த வரியை எதிர்த்து வழக்காடியது எங்கள் பக்கத்துச் சட்ட அமைப்பான லிபர்ட்டி ஜஸ்டிஸ் சென்டர். கூட நின்றவர் மைக்கேல் மெக்கானல், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்த முன்னாள் நீதிபதி. 2025 மே மாதம் வர்த்தக நீதிமன்றத்திலும், ஆகஸ்டில் 7-4 என்று மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள்.

வாசு:
சரி, மறுபடி சதுப்புக்கு வருவோம். 2024-ல் கொலராடோ தன் சொந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து, கூட்டாட்சி கைவிட்ட சதுப்புகளைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. துரை, நீங்கள் கேட்கும் ஏற்பாடு இதுதானே? மாநிலத்துக்கு மாநிலம் அவரவர் முடிவு?

டெக்சாஸ் துரை:
அதேதான்.

கயல்:
மிசிசிப்பி பத்து மாநிலங்களைத் தொட்டு ஓடுகிறது. மேலே ஒருவன் சதுப்பை மூடினால் வெள்ளம் கீழே இருப்பவன் வீட்டுக்குள் வரும். லூசியானாக்காரன் மினசோட்டாவில் போய் யாருக்கு ஓட்டுப் போடுவான்?

டெக்சாஸ் துரை:
அது நல்ல கேள்வி. காலையில் வேலை இருக்கிறது, யோசித்துவிட்டு நாளை எழுதுகிறேன்.