ரத்தக்கட்டு ஆறவே மாட்டேங்குதா? கபடி ஆடுறவங்களுக்கு என் அனுபவம்

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. கபடி ஆடுற பசங்க, பொண்ணுங்க, அவங்க வீட்டுல இருக்கறவங்க கட்டாயம் படிங்க.

நான் லெஃப்ட் கவர், அதாவது ரைடு வர்றவன மடக்கிப் பிடிக்கிற ஆள், பதினோரு வருஷமா ஆடுறேன். கவர்ல நிக்கிறவனுக்கு ரத்தக்கட்டு இல்லாத வாரமே கிடையாது, தொட்டுட்டு ஓட வர்ற ரைடரோட முட்டி நேரா தொடையில இறங்கும், டேஷ் அடிச்சா (அவன இடிச்சு வெளிய தள்ளுறது) தோள் வாங்கும், மண் தரைன்னா முழங்கைத் தோலும் சேந்து போகும். அதுக்கெல்லாம் யாரும் அசர மாட்டோம். நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி ரெண்டு வாரத்துல மறைஞ்சிடும். உள்ள கசிஞ்ச ரத்தத்தோட ஹீமோகுளோபின உடம்பு கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு எடுக்குது, அதான் அந்தக் கலர் மாறுறது.

ரெண்டு சீசனுக்கு முன்னாடி எனக்கு அது மறையவே இல்ல. நாலு வாரம் ஆகியும் தொடையில கருநீலம் அப்படியே நிக்குது, பேக் பட்டை தோள்ல அழுத்துன இடம்கூட கன்னிப்போகுது, காலைல பல் தேய்ச்சா ஈறுல ரத்தம். அம்மா கண்ணு பட்டிருக்குன்னு சுத்திப் போட்டாங்க. டீம்ல ஒருத்தர் மூசாம்பரம் (காய வச்ச கத்தாழைச் சாறு) வாங்கி முட்டை வெள்ளைக்கருல குழைச்சுப் பத்துப் போட்டு விட்டார். கேக்கல.

அப்ப என் சாப்பாடு என்னன்னு சொல்றேன். நான் 71 கிலோ, டோர்னமெண்ட் 65 கிலோ பிரிவு. அதுக்காக மூணு மாசமா காலைல ஆறு முட்டை வெள்ளைக்கரு, மதியம் சிக்கனும் ஒரு கை சோறும், நைட்டு வே புரோட்டீன், அவ்வளவுதான். பழத்துல சர்க்கரை இருக்குன்னு ஜிம்முல ஒருத்தர் சொன்னதுல இருந்து பழத்தத் தொடல, கீரை குழம்பெல்லாம் எடை போடும்னு ஒதுக்கியாச்சு. ஆனா சப்ளிமெண்ட் கடையில மாசம் நாலாயிரத்துக்கு மேல போய்க்கிட்டு இருந்துச்சு, ஒரு நாளைக்கு மூணு மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், வைட்டமின் ஈ 400, மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் ஒண்ணு, எல்லாமே 'ரெக்கவரிக்கு'ன்னு சொல்லிக் கொடுத்தது. மேட்ச் நடக்குற நாள்ல நைட்டு வலி மாத்திரை தனி.

கடைசில ஒரு டாக்டர் மேடம்கிட்ட போனேன். என்னென்ன சாப்பிடுறேன்னு கேட்டாங்க, சப்ளிமெண்ட் பேரு எதுவும் எனக்கு சரியா சொல்லத் தெரியல, நாளைக்கு எல்லா டப்பாவையும் எடுத்துட்டு வான்னுட்டாங்க. எடுத்துட்டுப் போய் மேஜை மேல வச்சேன். மூணு டப்பாவையும் வலி மாத்திரை அட்டையையும் ஒரு பக்கமா தள்ளி வச்சுட்டு சொன்னாங்க, "தம்பி, இந்த நாலுமே ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் அணுக்கள் ஒட்டுறத கொஞ்சம் கொஞ்சம் தடுக்கக்கூடியது. தனித்தனியா பாத்தா பெருசில்ல. நீ எல்லாத்தையும் ஒண்ணா போட்டுட்டு அடியும் வாங்குற." அப்புறம் கேட்டாங்க, "கடைசியா எப்ப பழம் சாப்பிட்ட?"

யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், பொங்கலுக்குத் தின்ன வாழைப்பழம்தான் ஞாபகம் வந்துச்சு. நான் அங்க உக்காந்திருந்தது ஏப்ரல் கடைசி.

ரத்த டெஸ்ட் எடுத்தாங்க. பிளேட்லெட் 2.3 லட்சம், நார்மல். ரத்தம் உறையுற நேரமும் நார்மல். அப்பதான் வைட்டமின் சி பத்தி விளக்குனாங்க. சின்ன ரத்தக்குழாய் சுவர தாங்கிப் பிடிக்கிறது கொலாஜன்ங்கற புரதம், அந்தக் கொலாஜன் நார் முறுக்கேறி உறுதியா நிக்கிறதுக்கு வைட்டமின் சி வேணும், அது கொறைஞ்சா லேசா பட்டாக்கூட குழாய் கசியும், ஈறுலயும் ரத்தம் வரும். அந்தக் காலத்துல மாசக்கணக்கா கப்பல்ல போன மாலுமிங்களுக்கு வந்த ஸ்கர்வி இதோட முத்துன நிலைதான். 1747ல ஜேம்ஸ் லிண்ட்னு ஒரு கப்பல் டாக்டர் 12 பேர ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஆளுக்கொரு வைத்தியம் பாத்ததுல, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ன ரெண்டு பேருதான் சட்டுனு தேறுனாங்களாம். நான் அந்த அளவுக்குப் போகல, ஆனா அந்தப் பாதையிலதான் இருந்தேன்னு சொன்னாங்க. காசு கொடுத்து கேப்ஸ்யூல் வாங்குனவன் ரோட்டுல விக்கிற கொய்யாவ விட்டுட்டேனேன்னு எனக்கு ரொம்ப வருத்தமா போச்சு.

ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 80 மி.கி. வைட்டமின் சி போதும்னு நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐசிஎம்ஆர் சொல்லுது. 100 கிராம் கொய்யாவுல 200 மி.கி. பக்கம் இருக்கு, நெல்லிக்காயில அதவிட ஜாஸ்தி. புரோட்டீன் எனக்குப் பத்தாம இல்ல, கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம்ங்கற கணக்குக்கு என் எடைக்கு 100 முதல் 140 கிராம் வருது, அது போய்க்கிட்டுதான் இருந்துச்சு. புரோட்டீன் மட்டும் போட்டா தசை ஆறிடும்னு நெனச்சதுதான் தப்பு.

மூணு கேப்ஸ்யூலையும் நிறுத்துனேன், வலி மாத்திரைய டாக்டர் சொன்னா மட்டும்னு வச்சுக்கிட்டேன். தினம் ஒரு கொய்யா, ஒரு நெல்லிக்காய், முழு முட்டை, வாரம் மூணு நாள் முருங்கைக்கீரைப் பொரியல் (ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே கீரையிலதான் நெறைய). ரெண்டு வாரத்துல ஈறு ரத்தம் நின்னுச்சு, அடுத்து வாங்குன அடியெல்லாம் பழையபடி ரெண்டு வாரத்துல மறைஞ்சுச்சு. கேப்ஸ்யூல விட்டதாலயா பழத்தாலயான்னு கேட்டா பிரிச்சுச் சொல்ல முடியாது, ரெண்டையும் ஒண்ணாத்தான் பண்ணேன். 65 கிலோவ விட்டுட்டு இப்ப 70 கிலோ பிரிவுல ஆடுறேன்.

இன்னொண்ணு, இது சாப்பாட்டு விஷயம் இல்ல ஆனா சொல்லியே ஆகணும். எங்க டீம் ஜூனியர் ஒருத்தன் தொடையில பலமா அடி வாங்குனான், மறுநாளே ஒருத்தர் சூடா எண்ணெய் வச்சு அழுத்தி நீவி விட்டுட்டார். ஒன்றரை மாசம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தா தசைக்குள்ள எலும்பு வளந்திருக்கு, மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்னு பேரு. அந்த சீசன் முழுக்க வெளிய உக்காந்தான். மொத ரெண்டு மூணு நாள் சூடு வேணாம், நீவ வேணாம். துணியில சுத்துன ஐஸ் 15 நிமிஷம், பேண்டேஜ், ஓய்வு. தயவுசெஞ்சு.

*

அண்ணா, நானும் கபடிதான், ரைடர். எனக்கும் இதே மாதிரி அடிபடாத இடத்துலயெல்லாம் நீலம் நீலமா வரும், நான் சரியா சாப்பிடலன்னு ஹாஸ்டல்ல எல்லாரும் திட்டுவாங்க, பேரிச்சம்பழம், பீட்ரூட், முருங்கைக்கீரைன்னு எல்லாம் சாப்பிட்டுப் பாத்தேன். ஹீமோகுளோபின் 8.9க்கு மேல ஏறவே இல்ல. பீரியட்ஸ் எட்டு நாள் போகும், எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்ங்கறதால அது நார்மல்னு நெனச்சிட்டேன். ஒரு லேடி டாக்டர்தான் அத கேட்டு டெஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க. வான் வில்லிபிராண்ட்னு, ரத்தம் உறைய உதவுற ஒரு புரதம் பிறவியிலயே கொறைவு, குடும்பத்துல வரக்கூடியது. இப்ப ட்ரீட்மெண்ட்ல இருக்கேன், இரும்புச்சத்து மாத்திரைய லெமன் ஜூஸோட போடுறேன், சாப்பிட்ட உடனே டீ குடிக்கிறத விட்டுட்டேன். பொண்ணுங்க யாருக்காவது மூக்குல ரத்தம், பீரியட்ஸ் ஜாஸ்தி, கூடவே இந்த நீலமும் இருந்தா பழம் சாப்பிட்டுப் பாப்போம்னு மாசக்கணக்கா உக்காராதீங்க, என்ன மாதிரி ரெண்டு வருஷம் போயிடும்.

*

தம்பி, என் பையன் ஸ்டேட் ஜூனியர் கேம்புல இருக்கான். அடிபட்டா சீக்கிரம் ஆறும்னு கூட ஆடுற பையன் ஒரு ரெக்கவரி பவுடர் கொடுத்திருக்கான், டப்பாவுல லேபிளே பாதி கிழிஞ்சிருக்கு. வைட்டமின் சி 500 மாத்திரையும் வாங்கி வச்சிருக்கான். போன வாரம் தொடையில அடி, இன்னும் வீக்கம் இருக்கு. என்ன பண்ணலாம்?

*

அண்ணே, அந்தப் பவுடர மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க. நாடாங்கற ஊக்கமருந்து தடுப்பு அமைப்போட டெஸ்ட்ல தடை பண்ண பொருள் வந்தா 'பவுடர்ல இருந்தது எனக்குத் தெரியாது'ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, உடம்புல போறதுக்கு ஆடுறவன்தான் பொறுப்புன்னு ரூல். லேபிள்ல போடாததெல்லாம் கலந்து விக்கிறாங்க. வைட்டமின் சி மாத்திரையால ஆபத்துன்னு சொல்லல, மிஞ்சுனது மூத்திரத்துல போயிடும், ஆனா கிராம் கணக்குல தினம் போட்டா வயித்தால போகும், சிலருக்கு கிட்னி கல்லும் வரும். பழம் சாப்பிடுற பையனுக்கு அது தேவையும் இல்ல.

தொடை வீக்கத்துக்குத்தான் எனக்குக் கவலையா இருக்கு. குப்புறப் படுக்க வச்சு முட்டிய மடக்கச் சொல்லுங்க, குதிகால் புட்டம் வரைக்கும் போகுதா இல்ல பாதியிலயே நிக்குதான்னு பாருங்க, அழுத்திப் பிடிச்சு மடக்க வேணாம், அவனா எவ்வளவு மடக்குறானோ அவ்வளவுதான். பாதியில நின்னா இன்னைக்கே எலும்பு டாக்டர்கிட்ட காட்டிடுங்க, அதுவரைக்கும் யாரையும் நீவ விடாதீங்க. பாத்துட்டு இங்கயே சொல்லுங்கண்ணே.