புதுப்பிப்பு: 'ஸ்ரீ' என்று தேடினால் பாதிப் பெயர்கள்தான் வருகின்றன – சரியாகிவிட்டது

கிருஷ்ணகிரி மாங்கன்று நர்சரியின் வாடிக்கையாளர் பட்டியலில் 'ஸ்ரீ' என்று தேடினால் சில பெயர்கள் விடுபடுவதாகக் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

எழுத்துருவை மாற்றியும், இடைவெளிகளை நீக்கியும் பலனில்லை. பிரவுசரிலேயே திறக்கும் யூனிகோட் (ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறை) தேடல் கருவியில், தேடலில் வரும் பெயர் ஒன்றையும் வராத பெயர் ஒன்றையும் ஒட்டிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. கண்ணுக்கு ஒரே 'ஸ்ரீ'. உள்ளே ஒன்றில் முதல் எழுத்து ஸ (தசம எண் 3000), மற்றதில் ஶ (2998). இந்த ஶ 2005-இல், யூனிகோட் 4.1-இல்தான் சேர்ந்தது. அதனால் பழைய கோப்புகளில் ஸ-வே இருக்கும். எங்கள் பட்டியலை இரண்டு பேர் வேறு வேறு கீபோர்டில் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் சங்கதி.

எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும்போது 'ஸ்ரீ'யைத் தட்டச்சு செய்யாதீர்கள், எது விழுகிறதென்றே தெரியாது. வராத பெயரிலிருந்து நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். நார்மலைசேஷனை (சமமான வெவ்வேறு குறியீட்டு வடிவங்களைத் தானாக ஒன்றாக்கும் வழி) நம்ப வேண்டாம். யூனிகோட் கணக்கில் இவை இரண்டும் சமமல்ல.

எதிர்பாராத ஒன்று: சில 'லக்ஷ்மி'களில் க்-குக்கும் ஷ-வுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத 8204 (எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் பிரித்து வைக்கும் குறி) உட்கார்ந்திருந்தது. அதையும் அதே கருவிதான் காட்டிக்கொடுத்தது. நீக்கியாயிற்று. இப்போது எல்லாப் பெயரும் வருகிறது.