பாப்பாவுக்கு நெபுலைசர்: கம்ப்ரஸரா, மெஷ்ஷா?

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் இருக்கிறோம், மகளுக்கு 4 வயது. மழை தொடங்கினாலே அவளுக்கு இழுப்பு வந்துவிடுகிறது. போன வாரம் ராத்திரி 2 மணிக்கு விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்கும் அளவுக்கு மூச்சு வாங்கினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வீட்டிலேயே ஒரு நெபுலைசர் (மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் மெஷின்) வைத்துக்கொள்ளச் சொல்லி, மூச்சுக்குழாயை விரிக்கும் லெவோசால்புடமால், உள்வீக்கத்தைக் குறைக்கும் புடசோனைடு இரண்டும் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

நைனியப்ப நாயக்கன் தெருவில் விசாரித்தபோது ஒரு கடையில் அல்ட்ராசோனிக் மெஷினை (ஒலி அதிர்வால் மருந்தைத் துளிகளாக்கும் வகை) காட்டினார்கள். புடசோனைடுக்கு அது சரிப்படாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் வாங்கவில்லை. இப்போதைக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் கம்ப்ரஸரை (காற்றை அழுத்தி மருந்தைத் துளிகளாக்கும் வகை) இரவல் வாங்கி, புது மாஸ்க்கும் மருந்து ஊற்றும் கப்பும் போட்டு ஓட்டுகிறோம். அந்தச் சத்தத்துக்கே பாப்பா அலறுகிறாள், மாஸ்க்கைத் தள்ளிவிடுகிறாள். முகத்தோடு ஒட்டி வைக்காவிட்டால் மருந்தெல்லாம் காற்றோடு போய்விடுமே!

மெஷ் வகை (நுண்ணிய சல்லடை வழியாக மருந்தைத் துளிகளாக்குவது) சத்தம் போடாது, கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். ஆனால் மருந்து அந்தச் சல்லடையில் அடைத்துக்கொள்ளும் என்கிறார்கள். ஒரு வருஷமாவது மெஷ் பயன்படுத்தியவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். தனியாகச் சல்லடை மட்டும் மாற்றக் கிடைக்கிறதா?

அப்புறம், கப்பை ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவைக்கிறேன். இந்த நவம்பர் ஈரத்தில் ராத்திரி கவிழ்த்து வைத்தால் காலையிலும் உள்ளே நீர்த்துளி நிற்கிறது. நீங்கள் எப்படிக் காயவைக்கிறீர்கள்? மருந்து அளவை டாக்டர் பார்த்துக்கொள்வார். மெஷின் பற்றியும், குழந்தையை மாஸ்க்குக்குப் பழக்கியது பற்றியும் உங்கள் அனுபவம்தான் வேண்டும்.