சிபிபி-யில் ஜிஎஸ்-12 உளவு அனலிஸ்ட் ஒருவர் சூப்பர்வைசர் ஆவதற்கு என்ன தயாரிப்பு வேண்டும்?

கார்முகில் கேட்டது:

அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையில் (சிபிபி) 0132 தொடரில் (உளவுப் பணிகள்) இன்டெலிஜென்ஸ் ரிசர்ச் ஸ்பெஷலிஸ்ட்டாக இருக்கிறேன், ஜிஎஸ் என்ற மத்திய அரசு ஊதியத் தர வரிசையில் 12. சூப்பர்வைசரி இன்டெலிஜென்ஸ் ரிசர்ச் ஸ்பெஷலிஸ்ட் பதவிக்கு மனு போட யோசிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆட்களை மேற்பார்த்த அனுபவம் காகிதத்தில் இல்லாமல் மனு நிற்குமா? தினசரி வேலை அனலிஸ்ட் வேலையிலிருந்து எப்படி வேறுபடும்? இந்தியாவில் குடும்பம், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கானது), ஊரில் வங்கிக் கணக்கு இதெல்லாம் இருந்தால் கிளியரன்ஸ் (ரகசியத் தகவலைப் பார்க்கும் அனுமதி) மறு ஆய்வில் சிக்கல் வருமா?

தராசுமுள்:

முதலில் தரத்தைப் பாருங்கள். சூப்பர்வைசர் அறிவிப்புகள் 13, 14, 15 என்று வெவ்வேறு தரங்களில் வரும். மத்திய அரசுப் போட்டிப் பணியில் இருப்பவர், மனு போடும் தரத்துக்கு ஒரு படி கீழே 52 வாரம் முடித்திருக்க வேண்டும். அதனால் 12-இல் இருந்துகொண்டு 14-க்குப் போட்டால், எவ்வளவு திறமை இருந்தாலும் ஹெச்ஆர் மேசையிலேயே நின்றுவிடும். உங்கள் அடுத்த வாசல் 13தான்.

மேற்பார்வை அனுபவம் முன்கூட்டியே இருந்தாக வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் அறிவிப்பில் 'ஸ்பெஷலைஸ்டு எக்ஸ்பீரியன்ஸ்' என்று ஒரு பத்தி இருக்குமே, அதில் உள்ள ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் உங்கள் ரெஸ்யூமேயில் ஒரு வரி பதில் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து யுஎஸ்ஏஜாப்ஸ் என்ற அரசு வேலைத் தளத்தில் ரெஸ்யூமே இரண்டு பக்கம்தான். எட்டுப் பக்கம் எழுதிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவது மாதம், ஆண்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற விவரங்கள். அவை இல்லாவிட்டால் 52 வாரத்தைக் கணக்கிட வழியில்லை. மனு தகுதியில்லை என்று திரும்பி வரும். வெட்டுவதென்றால் பாராட்டுச் சான்றிதழ் பட்டியலை வெட்டுங்கள்.

'பல அறிக்கைகள் தயாரித்தேன்' என்ற வரியால் பயனில்லை. இன்னொருவர் எழுதிய அறிக்கையைத் திருத்தி வெளியே அனுப்பியது, ஆறு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தபோது எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்தது, புதிதாக வந்தவருக்குத் தரவுத்தளத் தேடலைச் சொல்லிக் கொடுத்தது, இவற்றை எண்ணிக்கையோடு எழுதுங்கள். லீட் பொறுப்பையும் கேட்டு வாங்கலாம். லீட் வேலையைப் பங்கிட்டு, முடித்துக் கொடுக்க உதவுவார். மதிப்பீட்டு மதிப்பெண்ணும் ஒழுங்கு நடவடிக்கையும் அவர் கையில் இல்லை. சூப்பர்வைசர் என்று வகைப்படுத்த, வேலை நேரத்தில் குறைந்தது 25 சதவீதம் மேற்பார்வைக்கே போக வேண்டும். லீட் பொறுப்பு அந்த வேலைக்கு நல்ல ஒத்திகை.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. முதன்முறை சூப்பர்வைசர் ஆகிறவருக்கு ஓராண்டு தனி நன்னடத்தைக் காலம் உண்டு. மேற்பார்வை சரிவரவில்லை என்று அதில் தீர்மானித்தால், விட்டு வந்த பதவிக்குக் குறையாத தரமும் சம்பளமும் உள்ள இடம் தர வேண்டும் என்பது விதி. எனவே பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

வடமுனை:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தேர்வுக் குழு துருவித் துருவிக் கேட்பதும் இதைத்தான். அனலிஸ்ட்டாக இருக்கும்போது உங்கள் பெயரில் உள்ள முடிவுக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு. சூப்பர்வைசர் ஆனபின், நீங்கள் பார்க்காத தரவிலிருந்து வேறொருவர் எடுத்த முடிவுக்குக் கையெழுத்து போடுகிறீர்கள். நல்ல அனலிஸ்ட்டுகள் பலர் இங்கே செய்யும் தவறு, வரைவை வாங்கித் தாங்களே மறுபடி எழுதிவிடுவது. அன்றைக்கு அறிக்கை நன்றாக இருக்கும், அடுத்த மாதமும் அதே தவறோடு அதே வரைவு வரும்.

ஒரு கற்பனை வரைவை வைத்துப் பார்ப்போம். 'இந்த நுழைவாயிலில் ஃபென்டானில் பறிமுதல் சென்ற காலாண்டில் 4, இந்தக் காலாண்டில் 9. கடத்தல் கும்பல்கள் இந்தத் தடத்துக்கு மாறிவிட்டன என்பது மிக உயர்ந்த நம்பகத்துடன் சாத்தியம்.' படிக்க உறுதியாக இருக்கிறது. ஆனால் இதை அப்படியே மேலே அனுப்பக் கூடாது.

9 என்பது பறிமுதல் நிகழ்வின் எண்ணிக்கையா, எடையா? ஒரே வாகனத்தில் இரண்டு இடத்தில் எடுத்ததை இரண்டு வரியாகப் பதிந்திருக்கிறார்களா? தேதி பிடிபட்ட நாளா, கணினியில் ஏற்றிய நாளா? காலாண்டின் கடைசி வாரத்தில் இது எண்ணிக்கையையே புரட்டிப் போடும். அடுத்து வகுக்கும் எண். அந்தக் காலாண்டில் புதிய ஸ்கேனர் வந்ததா, மோப்ப நாய்க் குழு கூடியதா, இரண்டாம் கட்டச் சோதனைக்கு அனுப்பிய வாகனங்கள் எத்தனை? தேடல் இரட்டிப்பானால் பிடிபடுவதும் கூடும். கடத்தல் கூடியதற்கு அது மட்டும் சான்றாகாது. தடம் மாறியது உண்மையானால் பக்கத்து நுழைவாயில்களில் குறைந்திருக்க வேண்டும். அந்த எண் வரைவில் எங்கே?

கடைசியாக மொழி. ஐசிடி 203 என்ற, உளவுச் சமூகத்தின் பகுப்பாய்வுத் தர ஆணை (2015 ஜனவரி 2) நிகழ்தகவுச் சொற்களுக்கு அளவு வைத்திருக்கிறது. 'லைக்லி' என்றால் 55 முதல் 80 சதவீதம், 'வெரி லைக்லி' 80 முதல் 95, 'ரஃப்லி ஈவன் சான்ஸ்' 45 முதல் 55. நிகழ்தகவையும் நம்பக அளவையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. ஒன்று, நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பது. மற்றது, அந்த மதிப்பீட்டுக்கு அடியில் உள்ள ஆதாரம் எவ்வளவு திடம் என்பது. மேலே உள்ள வரைவு இரண்டையும் ஒரே வரியில் குழப்பியிருக்கிறது. சிபிபி 18 உறுப்பு உளவுச் சமூகத்தில் நேரடி உறுப்பினர் இல்லை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிலிருந்து அதில் இருப்பவை உளவு, பகுப்பாய்வு (ஐ அண்ட் ஏ) அலுவலகமும் கடலோரக் காவல்படை உளவுப் பிரிவும்தான். ஆனாலும் அவர்களோடு அறிக்கை பகிர வேண்டுமானால் இதே அளவுகோலில் எழுதுவதுதான் நல்லது.

திருத்தும்போது விடையைத் தராமல், ஓரத்தில் மேலே உள்ள கேள்விகளை எழுதித் திருப்பி அனுப்புங்கள். மறுபடி வரும்போது அது கிட்டத்தட்ட இப்படி இருக்க வேண்டும்: 'பறிமுதல் கூடியதற்குச் சோதனை கூடியதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தடம் மாறியிருந்தால் அடுத்த இரண்டு மாதத்தில் பக்கத்து நுழைவாயில்களில் சரிவு தெரியும். தெரிந்தால் இந்த மதிப்பீட்டை மாற்றுவோம்.' இதை வைத்து ஒரு களத் தலைவரால் ஆட்களை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்க முடியும்.

பெயர்களைப் பற்றியும் ஒன்று. தமிழர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிறவர், இனிஷியலை விரித்து எழுதியவர், கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர், இவர்களெல்லாம் தரவுத்தளத்தில் இரண்டு மூன்று ஆட்களாகப் பிரிந்து கிடப்பார்கள். முதல் பெயர் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது) என்று போடுவதால், தொடர்பே இல்லாத இருவர் ஒன்றாகவும் தெரியலாம். உடன்பிறந்தவர்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கும் என்ற அனுமானம் உலகில் பலருக்குப் பொருந்தாது. குழுவில் இதைத் தெரிந்த ஒருவர் இருந்தால் தப்பான இணைப்பு ஒன்று குறையும். அந்த இணைப்பால் விமான நிலையத்தில் மணிக்கணக்கில் நிறுத்தப்படுவது ஒரு மனிதர் என்பதை மறக்கக் கூடாது.

கையெழுத்துக்கு முன் சட்டப் பக்கமும் உங்கள் பொறுப்புதான். 1974 பிரைவசி சட்டத்தின் (இ)(7) உட்பிரிவு, அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும் பேச்சு, மதம், கூட்டம் போன்ற, அரசியலமைப்பின் முதல் திருத்தம் தரும் உரிமையைப் பயன்படுத்துவதைப் பதிவு செய்யக் கட்டுப்பாடு விதிக்கிறது. சட்டம் வெளிப்படையாக அனுமதிக்க வேண்டும், அல்லது சம்பந்தப்பட்டவரே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது முறையான சட்ட அமலாக்கப் பணிக்குள் அது அடங்க வேண்டும். 'போராட்டத்தில் கலந்துகொண்டார்' என்று ஒரு வரி வரைவில் இருந்தால், ஏன் அது வேண்டும் என்று கேட்டு, பதில் இல்லையென்றால் நீக்குங்கள். இன்னொரு நிறுவனம் தந்த தகவல் அறிக்கையில் இருந்தால், பொதுவாக அவர்கள் அனுமதியில்லாமல் மூன்றாவது நிறுவனத்துக்குப் போகக் கூடாது. அவசரத்தில் அடிக்கடி மீறப்படும் விதி இது.

கார்முகில்:

வடமுனை சார், மிக்க நன்றி. பறிமுதல் எண்ணிக்கையை இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது மனதில் பதிந்தது. கிளியரன்ஸ் பற்றி யாராவது?

மணல்கடிகாரம்:

குடும்பம் வெளிநாட்டில் இருப்பது தானாகவே தடை இல்லை. சீட் 4 (சீட் என்பது கிளியரன்ஸ் விதிகளுக்கான ஆணை வரிசை) என்ற மதிப்பீட்டு வழிகாட்டியில் (2017 ஜூன்) வெளிநாட்டுச் செல்வாக்கு ஒரு தலைப்பு, வெளிநாட்டு விருப்பம் இன்னொரு தலைப்பு. அந்த உறவை வைத்து உங்களை யாராவது நெருக்க முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மறைத்த விஷயம்.

கிளியரன்ஸ் விண்ணப்பப் படிவமான எஸ்எஃப்-86-இல் பிரிவு 18 உறவினர்கள், 19 கடந்த ஏழு ஆண்டில் நெருங்கிய வெளிநாட்டுத் தொடர்புகள், 20 வெளிநாட்டுச் சொத்து, செயல்பாடு, பயணம். அம்மாவோடு கூட்டாக இருக்கும் சேமிப்புக் கணக்கு, தாத்தா பெயரிலிருந்து வந்த நிலத்தில் பங்கு இரண்டையும் எழுதுங்கள். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பிஏஆர் (வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை) போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டது தெரிந்தால், கிளியரன்ஸ் கேள்வி வருவதற்கு முன் வரி ஆலோசகரிடம் போய்ச் சரிசெய்யுங்கள். ஓசிஐ இந்தியச் சட்டப்படி குடியுரிமை இல்லை. ஆனாலும் குறிப்புப் பெட்டியில் இன்ன தேதியில் பெற்றேன், விசா வசதிக்காக என்று ஒரு வரி போடுவது நல்லது. பழைய இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்த சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளியரன்ஸ் உள்ளவர் சொந்த வெளிநாட்டுப் பயணத்தை முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது சீட் 3. அவசரமாக ஊருக்குப் போக நேர்ந்தாலும் கிளம்புமுன் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். சூப்பர்வைசர் ஆனபின் இதே விஷயத்தை உங்கள் குழுவுக்கும் நீங்கள் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

தராசுமுள்:

கார்முகிலுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் சீருடைக்காரர்களுக்காக. பார்டர் பேட்ரோல் ஏஜென்ட் 0132 தொடருக்கு மாறினால், இரண்டு வாரத்துக்கு 100 மணி நேரத் திட்டத்தில் கிடைக்கும் 25 சதவீதக் கூடுதல் போய்விடும். ஜிஎஸ்-12 முதல் படிக்கும் 13 முதல் படிக்கும் வித்தியாசம் சுமார் 19 சதவீதம்தான். வாஷிங்டன் வட்டாரத்தில் 2025 அட்டவணைப்படி 13 முதல் படி 120,579 டாலர், 14 முதல் படி 142,488.

ஓய்வூதியம் அதைவிட முக்கியம். சட்ட அமலாக்கப் பணியில் முதல் 20 ஆண்டுக்கு வருடத்துக்கு 1.7 சதவீதம், சாதாரண ஃபெர்ஸில் (மத்திய அரசு ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) பொதுவாக 1 சதவீதம். முதன்மைப் பதவியில் (நேரடிச் சட்ட அமலாக்க வேலை) மூன்று ஆண்டு முடித்து, மூன்று நாளுக்கு மேல் இடைவெளி இல்லாமல் 'செகண்டரி' (மேற்பார்வை அல்லது நிர்வாகம்) என்று அங்கீகரித்த பதவிக்கு நேராகப் போனால்தான் அந்தச் சலுகை தொடரும். எல்லா 0132 பதவியும் செகண்டரி இல்லை. ஆஃபர் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்மொழியாகச் சொன்னதை நம்பி மாற வேண்டாம்.