ஆச்சி பிறந்தது எந்த வருஷம்?

(குழு: ஸ்ரீவைகுண்டம் – தாராவி சொந்தங்கள்)

மாரியப்பன் மாமா: மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆச்சியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாச்சு. ரேஷன் கார்டு, மில் பாஸ், ஜாதகம், கடுதாசி எல்லாம் கிடக்கிறது. யாருக்கு வேண்டும்?

சுரேஷ்: போட்டோ இருக்கா மாமா?

கவிதா: மாமா, ஒரு தாளையும் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் படம் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தில்தான் யாராவது ஏதாவது குறித்து வைத்திருப்பார்கள். நம் குடும்ப மரத்தை கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, நம் வீட்டில் சுடலைமுத்து மட்டும் நாலு பேர். அதில் ஆளுக்கு ஒரு தனி எண் விழும், குழப்பம் வராது. மாமன் மகளைக் கட்டியவர்கள் அப்பா வழியிலும் வருவார்கள், அம்மா வழியிலும் வருவார்கள். அவர்களை இரண்டு ஆளாகப் பதியாமல் ஒரே ஆளாக இணைக்க வேண்டும். ஊரையும் அன்றைக்கு இருந்தபடிதான் போட வேண்டும். 1986 வரை ஸ்ரீவைகுண்டம் திருநெல்வேலி ஜில்லா, அப்புறம்தான் தூத்துக்குடியோடு போனது. வருஷம் சரியாகத் தெரியாவிட்டால் ‘சுமார்’ என்று போடலாம். ஆனால் யார் சொன்னது, எந்தத் தாளில் இருந்தது என்பதைக் கட்டாயம் பக்கத்தில் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இது வெறும் பெயர்ப் பட்டியல்தான்.

சுரேஷ்: 👍

ராணி மதினி: பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் குத்துப்போணி இருக்குமே, அது யாருக்கு?

பேச்சிமுத்து சித்தப்பா: அம்மா அதை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

செல்லம்மா அத்தை: எப்போ சொன்னாள்?

சுரேஷ்: கவிதா, இதையெல்லாம் நெட்டில் போட்டால் ஊரே பார்க்குமே?

கவிதா: இது என் கணினிக்குள்தான் இருக்கும் அண்ணா. நீ சொல்வது ஃபேமிலிசர்ச் மாதிரி குடும்ப மர இணையதளம். மார்மன் சபை நடத்துகிறது, காசு கிடையாது. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான மரம், இறந்தவர்கள் பதிவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால் முதலில் நம் வீட்டுக்குள் சரிபார்ப்போம். பின்னால் ஜெட்காம் என்ற பொது வடிவக் கோப்பாக எடுத்தால் வேறு எந்த மென்பொருளுக்கும் கொண்டுபோகலாம். அந்த வடிவம் 1984 முதல் இருக்கிறது.

பேச்சிமுத்து சித்தப்பா: துறைமுகத்தில் இறந்த பெரிய தாத்தாவைச் சேர்த்தாயா?

கவிதா: சேர்த்தேன். 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா டாக் வெடிவிபத்து. ‘செல்லம்மா அத்தை சொன்னது’ என்று குறித்திருக்கிறேன்.

செல்லம்மா அத்தை: வெடித்த கப்பலில் பஞ்சு, வெடிமருந்து, தங்கக்கட்டி எல்லாம் இருந்ததாம். அவர் உடம்பு கிடைக்கவே இல்லை.

சுரேஷ்: தங்கக்கட்டியா??

மாரியப்பன் மாமா: அதெல்லாம் அப்புறம். இதோ ஆச்சி ஜாதகம். தாது வருஷம், ஆவணி மாசம். [படம்]

கவிதா: அருமை மாமா! தாது அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும். 1876, 1936, 1996. அப்படியென்றால் ஆச்சி பிறந்தது 1936.

பேச்சிமுத்து சித்தப்பா: ரேஷன் கார்டைப் போடு. 1971 கார்டில் வயசு 40. அதுதான் கவர்மெண்ட் தாள்.

கவிதா: கார்டில் வாயால் சொன்ன வயசைத்தானே சித்தப்பா எழுதினார்கள்? இரண்டையும் பதிகிறேன். ஆனால் 1936 போட்டுச் சரிபார்த்தால் மென்பொருளில் ஒரு எச்சரிக்கை வருகிறது. சுரேஷ் அண்ணாவின் அப்பா காந்தி பெரியப்பா பிறந்தது 1947, சுதந்திரம் வந்த வருஷம் என்றுதானே அந்தப் பெயரே வைத்தார்கள். அப்போது ஆச்சிக்கு 11 வயசுதான் ஆகிறது.

பேச்சிமுத்து சித்தப்பா: அதனால்தான் சொல்கிறேன், கார்டைப் போடு.

ராணி மதினி: நாகர்கோவில் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போட்டாச்சா? கோயில் கொடைக்கு எத்தனை பேர் வருகிறீர்கள்?

மாரியப்பன் மாமா: இன்னொரு ஜாதகமும் இருக்கிறது, ஓரத்தில் மஞ்சள் தடவியது. பின்னால் பென்சிலில் ‘இசக்கியம்மாள் மகன்’ என்று இருக்கிறது. யாரப்பா இது? [படம்]

பேச்சிமுத்து சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுரேஷ்: சித்தப்பா, நான் படித்துவிட்டேன். எதை அழிக்கச் சொல்கிறீர்கள்? அது எங்கப்பா ஜாதகம்.

பேச்சிமுத்து சித்தப்பா: ராத்திரி போன் செய்கிறேன்ப்பா.

செல்லம்மா அத்தை: போனில் என்ன தம்பி ரகசியம்? அம்மாவும் போய்விட்டாள், அண்ணனும் போய்விட்டான். சுரேஷ், உங்கப்பாவைப் பெற்றவள் இசக்கியம்மாள். அவனுக்கு ரெண்டு வயசு ஆகும்போது காய்ச்சலில் போய்விட்டாள். உங்க ஆச்சி இல்லை, எங்களோட ஆச்சிதான் அவனை ஊரில் வைத்து வளர்த்தாள். அம்மா கல்யாணமாகி பம்பாய்க்கு வரும்போது அவனை மடியில் வைத்துக்கொண்டுதான் ரயிலேறினாள். ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. கார்டில் வயசைக் கூட்டிச் சொன்னதே யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றுதான். எனக்கு அவள் வாயாலேயே சொன்னாள்.

ராணி மதினி: அத்தை…

சுரேஷ்: அப்பாவுக்குத் தெரியுமா?

செல்லம்மா அத்தை: தெரியும். ‘எனக்கு ஒரே அம்மாதான்’ என்பான்.

பேச்சிமுத்து சித்தப்பா: அக்கா, இதைக் குழுவில் போட வேண்டுமா? அம்மா மறைத்ததை நாம் ஏன் எழுத வேண்டும்?

கவிதா: சித்தப்பா, மரத்தில் யாரையும் எடுத்துவிட்டு யாரையும் வைக்கப் போவதில்லை. தாத்தாவுக்கு இரண்டு கல்யாணம் என்று பதியலாம். பெரியப்பாவுக்குப் பெற்ற தாய் ஒருவர், வளர்த்த தாய் ஒருவர் என்று இரண்டு உறவும் போட வழி இருக்கிறது. ஒரு பெண் பிள்ளை பெற்று, செத்தும் போயிருக்கிறார். அவர் பெயர் இருக்கிற ஒரே இடம் இந்தப் பென்சில் எழுத்துதான். இதையும் நாம் விட்டுவிட்டால் அவர் இருந்ததற்கே அடையாளம் இல்லை. ஆனால் சுரேஷ் அண்ணா சரி என்று சொல்லாமல் ஏற்ற மாட்டேன்.

மாரியப்பன் மாமா: எனக்கே இது தெரியாது. 40 வருஷமாக இந்த வீட்டு மாப்பிள்ளை!

பேச்சிமுத்து சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தாராவிக்கு வாருங்கள். நேரில் பேசுவோம்.

சுரேஷ்: ஞாயிறு எனக்கு டூட்டி. கவிதா, பெயரைப் போடு. வளர்த்த ஆச்சியையும் போடு. மற்றது அப்புறம் பார்க்கலாம். மாமா, அந்த ஜாதகத்தை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மாரியப்பன் மாமா: தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

பேச்சிமுத்து சித்தப்பா: ஞாயிறு பேசிவிட்டு ஏற்றலாமே.

கவிதா: அத்தை, இசக்கியம்மாளுக்கு எந்த ஊர்?

செல்லம்மா அத்தை: கருங்குளமா, செய்துங்கநல்லூரா… ராணி, உங்கம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கேள்.

ராணி மதினி: அம்மா தூங்கிவிட்டாள். காலையில் கேட்கிறேன். கொடைக்கு எத்தனை டிக்கெட் என்று இன்னும் ஒருத்தரும் சொல்லவில்லை.