பவர் போட்டால் எஃப்பிஜிஏ எழுவதில்லை, பொத்தானைத் தட்டினால் எழுகிறது

பலகைப்பித்தன்:
ஆர்டிக்ஸ்-7 35டி என்ற எஃப்பிஜிஏ (உள் சர்க்யூட்டை நாமே கோப்பாக எழுதி ஏற்றும் சிப்), பக்கத்தில் அந்தக் கோப்பை வைத்திருக்கும் ஒரு எஸ்பிஐ ஃபிளாஷ் நினைவகம், நாங்களே வரைந்து போட்ட போர்டு. கணினியிலிருந்து ஜேடேக் கேபிளில் நேராக ஏற்றினால் ஒரு குறையும் இல்லை. ஃபிளாஷில் எழுதி வெரிஃபை செய்தால் அதுவும் பாஸ். ஆனால் பவரை அணைத்துப் போட்டால் சில நேரம்தான் ஏற்றம் முடிந்ததைக் காட்டும் டன் எல்ஈடி எரிகிறது, பல நேரம் அப்படியே கிடக்கிறது. அப்போது மறுபடி ஏற்றச் சொல்லும் புரோகிராம்-பி பொத்தானை ஒரு தட்டு தட்டினால் தவறாமல் வந்துவிடும், அதற்கும் ஆறு விநாடி போல ஆகிறது. எங்கிருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லும் மோட் பின்கள் 0-0-1, அதாவது எஸ்பிஐ ஃபிளாஷ்தான். ஃபிளாஷை மாற்றிப் போட்டும் இதே கதை. எங்கே பார்ப்பது?

ஓம்கார்னர்:
வெரிஃபை பாஸ் ஆவதை நம்பி உட்காராதீர்கள். விவாடோ மென்பொருள் ஃபிளாஷில் எழுதும்போது எஃப்பிஜிஏவுக்குள் தன்னுடைய ஒரு குட்டி டிசைனை ஏற்றி, அதன் வழியாகத்தான் ஃபிளாஷோடு பேசுகிறது. அதற்குள் எல்லா சப்ளையும் வந்து நிலைத்துவிட்டிருக்கும். உங்கள் சிக்கல் பவர் ஏறும் அந்த முதல் சில மில்லிவிநாடிகளில்.

உள்ளே இருப்பது எஸ்ரேம், பவர் போனால் எல்லாம் காலி. அதனால் ஒவ்வொரு முறையும் சிப் தன் கோர், ஆக்ஸ், பிளாக்ரேம், பேங்க்-0 (கான்ஃபிகரேஷன் பின்களுக்கானது) சப்ளைகள் வந்துவிட்டனவா என்று பார்த்து, உள்நினைவைத் துடைத்து, தயார் என்று காட்டும் இனிட்-பி பின்னை மேலே விட்டு, மோட் பின்களைப் படித்து, தானே கிளாக் கொடுத்து ஃபிளாஷுக்குப் படிக்கும் கட்டளையை அனுப்பும். பிறகு வரும் பிட்களில் கோப்பின் தொடக்கத்தைக் காட்டும் ஏஏ995566 என்ற சிங்க் வார்த்தையைத் தேடும். அது கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

எழாதபோது இனிட்-பி எப்படி இருக்கிறது? கீழே என்றால் சிஆர்சி பிழை, அதாவது வந்த தரவு கெட்டிருக்கிறது. மேலேயே இருந்து டன் மட்டும் வரவில்லை என்றால் சிங்க் வார்த்தையே கண்ணில் படவில்லை.

பலகைப்பித்தன்:
ஸ்கோப்பில் பார்த்தேன், இனிட்-பி மேலேதான். கிளாக் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஃபிளாஷிலிருந்து வரும் கோடு முழுக்க ஒன்று. ஃபிளாஷுக்கு மட்டும் தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர், மெதுவாக மேலேறும் சாஃப்ட்-ஸ்டார்ட் உள்ளது.

ஓம்கார்னர்:
அதுதான் விஷயம். எஃப்பிஜிஏ தன் சப்ளைகளை மட்டும்தான் பார்க்கும், ஃபிளாஷின் சப்ளை அதற்குத் தெரியாது. வீட்டுக்காரர் எழுவதற்கு முன்பே கதவைத் தட்டிவிட்டு வாசலில் நிற்கிறது, மறுபடி தட்டுவதில்லை. பொத்தானை அழுத்தினால் கட்டளை மறுபடி போகும், அதனால்தான் வந்துவிடுகிறது.

சில்லறைச்சில்லு:
அப்போ புரோகிராம்-பியில் ஒரு ஆர்சி (ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர்) போட்டு, கொஞ்ச நேரம் கீழே பிடித்து வைத்தால் போதுமே?

ஓம்கார்னர்:
ஆர்டிக்ஸ்-7 சேர்ந்த 7 சீரிஸில் அது பலிக்காது, பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். பவர் ஏறும்போதே புரோகிராம்-பி கீழே இருந்தாலும் சிப் நிற்காது. தாமதிக்க வேண்டுமானால் இனிட்-பியைத்தான் வெளியிலிருந்து கீழே பிடிக்க வேண்டும். ஃபிளாஷ் சப்ளையைக் கவனிக்கும் ஒரு சூப்பர்வைசர் சிப், ஓபன்-டிரெயின் (கீழே மட்டும் இழுக்கும்) வெளியீடு உள்ளதாக, இனிட்-பியில் மாட்டினால் போதும். ஃபிளாஷ் டேட்டாஷீட்டில் பவர் வந்தபின் எவ்வளவு நேரம் கழித்துக் கட்டளை ஏற்கும் என்று இருக்கும், அதைத் தாண்டும்படி சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த போர்டில் ஃபிளாஷையும் பேங்க்-0வையும் ஒரே 3.3 வோல்ட்டில் வைத்துவிடுங்கள், பெரும்பாலும் தலைவலி விடும்.

சில்லறைச்சில்லு:
சரி, ஆறு விநாடிக்குக் காரணம் நான் சொல்கிறேன். 35டிக்கு முழு பிட்ஸ்ட்ரீம் (ஏற்றும் கோப்பு) 1,75,36,096 பிட். தொடக்க கிளாக் ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ், ஒரே கோடு, வகுத்துப் பாருங்கள், 5.8 விநாடி வரும். விவாடோவில் கான்ஃபிக்ரேட் (கிளாக் வேகம்) 33 மெகாஹெர்ட்ஸ், எஸ்பிஐ பஸ் அகலம் 4 கோடு என்று வைத்து மறுபடி பிட்ஸ்ட்ரீம் எடுங்கள், 0.13 விநாடிக்கு இறங்கிவிடும். எப்போதும் மெதுவாகவே தொடங்கும், பிட்ஸ்ட்ரீம் தலைப்பில் உள்ள கட்டளையைப் படித்த பிறகுதான் வேகம் மாறும். ஆனால் நான்கு கோட்டுக்குத் தேவையான டி2, டி3 கோடுகளை ஃபிளாஷ் வரை இழுத்திருக்கிறீர்களா? சில ஃபிளாஷ்களில் நான்கு கோட்டை இயக்கும் குவாட் எனேபிள் பிட்டையும் நாம்தான் போட்டுவிட வேண்டும்.

பலகைப்பித்தன்:
இழுத்திருக்கிறேன். இனிட்-பிக்கு டெஸ்ட் பாயிண்ட்டும் இருக்கிறது, சூப்பர்வைசரை அதில் ஒயர் போட்டு மாட்டிப் பார்க்கிறேன்.