எரிபொருள் நிலத்தடிக்குள் இறங்கினால்: உடனே இறைப்பதா, துளையிட்டுப் பார்த்துவிட்டு இறைப்பதா?

கிணற்றடி:
கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொலன்னாவைத் தாங்கிகளுக்கு வரும் எரிபொருள் குழாய்கள் பழையவை. அவற்றுக்கு மேலேயே வீடுகளும் எழும்பிவிட்டன. அந்தப் பாதையில் கசிந்து, கிணறுகளில் பெற்றோல் மணம் வந்தால் என்ன செய்வது? வால்வை மூடிக் குழாயை வெறுமையாக்கிய அன்றே குழி வெட்டி, நீர்மட்டத்தை ஒரு மீற்றராவது இறக்க வேண்டும் என்பது என் வாதம். எண்ணெய் அந்தக் குழியை நோக்கி ஓடிவரும். அறிக்கைக்காகக் காத்திருந்தால் மாசு அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும்.

மணல்வடி:
அண்ணே, குழாயை நிறுத்துவதில் மறுபேச்சே இல்லை. அந்த ஒரு மீற்றரில்தான் பிரச்சினை. மிதக்கும் எரிபொருள் நீர்மட்டத்தோடு சேர்ந்து இறங்கி, அதுவரை சுத்தமாக இருந்த மண்ணிலும் ஒட்டும். பம்பை நிறுத்தியதும் நீர் ஏறும், எண்ணெயோ துளித்துளியாக மண்துளைகளுக்குள் சிக்கி நீருக்கடியில் தங்கிவிடும். அதில் பெரும்பகுதியைப் பிறகு எந்தப் பம்பாலும் எடுக்க முடியாது. தாழ்நிலப் பகுதியில் பல இடங்களில் கீழே இருப்பது உக்கிய தாவரங்களாலான கறுப்பு மண். நீரை இழுத்தால் அது அமுங்கும், மேலே நிற்கும் சுவர் வெடிக்கும்.

குழியில் கையளவு ஆழத்துக்கு மட்டும் நீரை இறக்கி, மேற்பரப்பு எண்ணெயை மட்டும் அள்ளும் மிதவைப் பம்பைப் போடுங்கள். அதை முதல் நாளே செய்யலாம், நான் தடுக்கவில்லை.

கிணற்றடி:
சரி, மிதவைப் பம்பை ஏற்கிறேன். ஆனால் எண்ணெய் எங்கே நிற்கிறது என்று தெரிய எத்தனை துளை, எத்தனை மாதம்?

மணல்வடி:
நீரோட்டத் திசை தெரியக் குறைந்தது மூன்று துளை, முக்கோணமாக. பிறகு நிலத்தடி நீர் வரும் திசையில், கசிவுக்கு மேற்பக்கம் ஒன்று, வீடுகளுக்கு முன்னால் காவலுக்கு ஒன்று. 50 மி.மீ. பி.வி.சி. குழாய் போதும். ஆனால் மூட்டுகளுக்குப் பசை பூசக்கூடாது, அதிலுள்ள கரைப்பான் மாதிரியில் வந்துவிடும். திருகுமூட்டுத்தான் வேண்டும்.

அதிகம் பிழைக்கும் இடம், நீர் உள்ளே வருவதற்காகக் குழாயில் வெட்டுகள் போட்ட பகுதியின் ஆழம். நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே மழையில் 1 மீற்றரிலும் வரட்சியில் 2.5 மீற்றரிலும் நின்றால், வெட்டுகள் 0.5 முதல் 4 மீற்றர் வரை இருக்க வேண்டும். முழுவதும் நீருக்கடியில் வைத்தால் மிதக்கும் எண்ணெய் குழாய்க்குள் வரவே வராது. அறிக்கை ‘எண்ணெய் இல்லை’ என்று சொல்லும்.

குழாய்க்குள் 60 செ.மீ. எண்ணெய் நின்றால் மண்ணிலும் அவ்வளவு என்று கணக்குப் போடாதீர்கள். அள்ளி வெளியே எடுத்துவிட்டு, எவ்வளவு வேகத்தில் திரும்ப ஊறுகிறது என்று அளந்தால்தான் இறைப்பு பயன்தருமா என்று தெரியும்.

ஈரநிலம்:
பருவத்தை இருவரும் விட்டுவிட்டீர்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் நீர் ஏறியதும் எண்ணெய் அடியில் சிக்கி, துளைகள் வெறும் நீராகத் தெரியும். பெப்ரவரியில் அதே துளையில் திரும்ப மிதக்கும். நவம்பர் அளவீட்டை வைத்து ‘சுத்தம்’ என்று சான்று கொடுப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

மாதிரி எடுப்பதும் அப்படித்தான். நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் இழுக்காமல், அமிலம் இட்ட 40 மி.லீ. கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழும் இல்லாமல் நிரப்பி, 4 பாகை குளிரில் வைத்து, 14 நாளுக்குள் பரிசோதிக்க வேண்டும். குமிழ் இருந்தால், பெற்றோலில் உள்ள, எளிதில் ஆவியாகும் நச்சுப்பொருளான பென்சீன் அதற்குள் ஏறிவிடும். ‘எண்ணெயும் கிரீசும்’ என்ற பொதுச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள், உக்கிய மண்ணின் இயற்கைச் சேதனப் பொருளையும் அது எண்ணெயாகக் காட்டும். பென்சீன், தொலுயீன், எதில்பென்சீன், சைலீன் என்று தனித்தனியாகக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில், சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் இருக்கிறதா என்பதிலேயே அறிக்கைகள் முரண்பட்டன. 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதிக்கும்வரை மக்கள் இழுபட்டார்கள்.

கிணற்றடி:
எனக்குப் பயம் வேறு. ‘நுண்ணுயிர்கள் தின்றுவிடும், பொறுத்திருங்கள்’ என்று கடைசியில் கைகழுவுவார்கள். ஒட்சிசன் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்னும்போது உண்டாகும் கரைந்த இரும்பையும் மீதேனையும் அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். உக்கிய மண்ணில் அவை இரண்டும் கசிவு இல்லாமலேயே இருக்கும்! ஒட்சிசன் கணக்கையும் பாருங்கள்: 1 கிராம் பென்சீனைச் சிதைக்க 3 கிராம் ஒட்சிசன் வேண்டும். நம் வெப்பநிலையில் நீரில் கரைவது லீற்றருக்கு 8 மி.கி.கூட இல்லை.

மணல்வடி:
அதில் உங்கள் பக்கம்தான் நான். மேற்பக்கத் துளையோடு ஒப்பிடாத எந்தச் சான்றையும் ஏற்கக்கூடாது. ஆனால் எண்ணெயைச் சிதைக்க ஒட்சியேற்றி இரசாயனம் ஊற்றும் யோசனைக்கும் போகாதீர்கள், உக்கிய மண்ணே அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். நீர் இறங்கியிருக்கும் மாதங்களில் வெற்றிடப் பம்பால் மண்காற்றை உறிஞ்சினால் ஆவியும் வெளியேறும், ஒட்சிசனும் உள்ளே போகும். நீருக்கடியில் காற்று ஊதுவதென்றால் உறிஞ்சும் பம்ப் முதலில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஆவி வீடுகளுக்குள் ஏறும்.

இறைத்த நீர் முதலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கு, பிறகு காற்றூட்டி இரும்பைப் படியவைத்து மணல்வடியூடாக, கடைசியாக, கரைந்த மாசை உறிஞ்சும் கரி நிரப்பிய இரண்டு பீப்பாய்களுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக. இரும்பை எடுக்காமல் விட்டால் கரி சீக்கிரம் அடைத்துவிடும். இரண்டு பீப்பாய்களுக்கும் நடுவில் மாதிரி எடுங்கள், அங்கே பென்சீன் தெரிந்த உடனே முதலாவதை மாற்றுங்கள்.

ஈரநிலம்:
வீட்டுக்காரர்களுக்கு இப்போதே சொல்ல வேண்டியது: அந்தக் கிணற்றுநீரைக் கொதிக்கவைத்தால் ஆவி குசினிக்குள் பரவும், குளோரின் போட்டால் எண்ணெய் போகாது. குடிக்கவும் குளிக்கவும் குழாய்நீர் அல்லது பவுசர் நீர்தான். மூடிய கிணற்றைத் திறக்கமுன் வாயுமானி வையுங்கள். வெடிக்கும் கீழெல்லையில், அதாவது ஆவி தீப்பற்றத் தேவையான மிகக் குறைந்த செறிவில், 10 சதவீதம் காட்டினால் விலகி, தீயணைப்புப் பிரிவை அழையுங்கள்.

கிணற்றடி:
அப்படியென்றால் என் நிபந்தனை ஒன்று. காவல்துளையில் பென்சீன் உலக சுகாதார நிறுவனத்தின் லீற்றருக்கு 0.01 மி.கி. வரம்பைத் தாண்டினால், அந்தக் கிழமையே அங்கே குறைந்த வேக இறைப்பு தொடங்க வேண்டும், யாருடைய அறிக்கைக்கும் காத்திருக்காமல்.

மணல்வடி:
சம்மதம். நிறுத்துவதை மட்டும் மாரி, கோடை இரண்டும் பார்த்த பிறகு பேசுவோம். நான் இரண்டு வருடம் கேட்பேன்.